மூத்தம்மா வாசித்த ஸக்ர்

2024 மார்ச்சில் முஹம்மத் அல்-ஷாரிக் காலமானார் என்ற செய்தியைப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. பொருளாதாரம் படித்தவர், சிறுகதை எழுதியவர். 1982இல் குவைத்தில் அல்-ஆலமிய்யா என்ற கம்பனியைத் தொடங்கி, அரபு எழுத்துக்குக் கொம்பியூட்டரில் இடம் பிடித்துக் கொடுத்தவர். இலங்கையின் கிழக்கில், எங்கள் கரையில், அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆனால் அவருடைய ‘ஸக்ர்’ கொம்பியூட்டர் ஒன்று, சாய்ந்தமருதில் கடலோசை கேட்கும் தூரத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டின் முன்னறையில் பல வருடம் இருந்தது. நான் என்னுடையது என்று சொல்லிக்கொண்ட முதல் கொம்பியூட்டர் அதுதான்.

அதைக் கொண்டுவந்தவர் உம்மாவின் தம்பி. எழுபதுகளின் கடைசியில் தொடங்கி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எல்லா ஊரிலிருந்தும் இளந்தாரிகள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். மாமா குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் புது மொடல் வந்ததும் பழையதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் லீவில் வந்தபோது நிடோ டின், டேங் போத்தல், புலிப்படம் போட்ட கம்பளி எல்லாவற்றுக்கும் அடியில், பழைய சாரனில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். கட்டுநாயக்காவிலிருந்து கல்முனை வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். வெளிநாட்டுச் சாமான் என்றால் ரேடியோ, டேப் ரெக்கோடர், தையல் மெஷின் என்றே பழகிய வீட்டில், இதை எங்கே வைப்பது என்பதே பெரிய ஆலோசனையாகிப் போனது.

குவைத் பிளக்குக்குச் சதுரக் கால். எங்கள் சுவரில் உருண்டை ஓட்டை. வயரிங் தெரிந்த பக்கத்து வீட்டுக் காக்கா வந்து பிளக்கை வெட்டி மாற்றினார். கொம்பியூட்டருக்கென்று தனித் திரை கிடையாது. டீவியின் அன்டெனா வயரைக் கழற்றி, அந்த இடத்தில் இதன் வயரைச் செருகி, சனல் குமிழை மெதுவாகத் திருகிக்கொண்டே போகவேண்டும். ரூபவாஹினி 1982இல்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது, எங்கள் வீட்டு டீவியோ அதற்கும் பிறகு வந்தது. அதில் செய்தியும் நாடகமும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, புள்ளி மழை விலகித் திரையில் அரபு எழுத்து வந்து நின்றபோது வீடே அமைதியாகிவிட்டது.

ஒவ்வொரு விசையிலும் இரண்டு எழுத்து இருந்தது, ஆங்கிலம் ஒன்று, அரபு ஒன்று. பாடசாலையில் ஆங்கில அரிச்சுவடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வயது அது. ஆனால் ஓதப்பள்ளியில் அலிஃப், பே, தே முடித்து ஜுஸ்உக்கு ஏறியிருந்தேன். ஆகவே முதலில் என் கைக்கு வந்தவை அரபு எழுத்துகள்தான். அர்த்தம் தெரியாது, வாசிக்கத் தெரியும். சீனைத் தட்டினால் சீன் வந்தது. அடுத்த எழுத்தைத் தட்டியதும் முன்னது தன் வாலை மடக்கிக்கொண்டு அதோடு சேர்ந்தது. வலமிருந்து இடமாக, லெப்பை பலகையில் எழுதித் தந்தது போலவே சொல் வளர்ந்தது.

ஒருநாள் அஸருக்குப் பிறகு மூத்தம்மாவின் பெயரைத் தட்டிவைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பாடசாலைக்குப் போகாதவர் மூத்தம்மா. வாக்காளர் அட்டைக்கும் காணி உறுதிக்கும் பெருவிரலை ஒற்றியவர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் டீவிக்கு முன்னால் குனிந்து பார்த்தார்.

“மர்யம் பீவி” என்று வாசித்தார். “எண்ட பேரல்லவா மனே இது? டீவிக்குள்ள யார் எழுதின?”

அந்த வீட்டில் கொம்பியூட்டர் எழுதியதைத் தடுமாறாமல் வாசித்த முதல் ஆள் மூத்தம்மாதான். ஏனென்றால் அவர் எழுத்தறியாதவர் அல்ல. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மார்க்கச் சட்டம், நபிமார் வரலாறு, மாலைகள் எல்லாவற்றையும் மஞ்சள் ஏறிய கிதாபுகளில் அந்த எழுத்திலேயே வாசித்தவர். காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து எங்கள் கிழக்குக் கரை வரைக்கும் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் வாசித்தது அந்த எழுத்தைத்தான். அரசாங்கக் கணக்கில் அவர்களெல்லாம் கைநாட்டு.

அன்றிலிருந்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. “‘வீடு’ எண்டு போடு பாப்பம்” என்றார். தட்டிப் பார்த்தேன், ‘வீது’ என்று வந்தது. அரபியில் டகரம் கிடையாது. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு நம் முன்னோர் அரபு எழுத்தில் கூடுதலாகப் புள்ளியிட்டுப் புது எழுத்து உண்டாக்கினார்கள். குவைத்துக்காகச் செய்த விசைப்பலகைக்கு அது எப்படித் தெரியும்?

“கீழ ஒரு புள்ளி வேணும் மனே. இதுல காணல்ல” என்றார் மூத்தம்மா.

கொம்பியூட்டருக்கு நம் மொழி இன்னும் வந்து சேரவில்லை என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். யுனிகோட்டில் தமிழ் இடம்பெற்றது 1991இல். எங்கள் முன்னறையில் அந்தக் குறையை ஒரு கிழவி அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

ஸக்ர், எம்.எஸ்.எக்ஸ். என்ற பொது அமைப்பைச் சேர்ந்தது. ஜப்பானில் கசுஹிகோ நிஷியும் அமெரிக்காவின் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து 1983இல் அறிவித்த அமைப்பு அது. எந்தக் கம்பனி செய்தாலும் ஒரே கார்ட்ரிஜ், ஒரே கெசட் எல்லாவற்றிலும் ஓடவேண்டும் என்பது ஏற்பாடு. ஜப்பான் கம்பனிகள் செய்துகொடுக்க, அல்-ஆலமிய்யா அதில் அரபியைப் பொருத்தியது. இசட்-80 சிப், 3.58 மெகாஹேர்ட்ஸ் வேகம், 16 நிறம். நாம் நிரல் எழுத மிஞ்சும் இடம் 28 ஆயிரத்துச் சொச்சம் பைட். இன்றைக்கு ஃபோனில் எடுக்கும் ஒரு படத்துக்கும் அது காணாது. அந்த இடத்துக்குள் பெருக்கல் வாய்ப்பாடு போடவும், நிறம் மாற்றவும், ‘பிளே’ என்று எழுதி மூன்று குரலில் ராகம் வாசிக்கவும் பேசிக் மொழியில் கற்றுக்கொண்டேன். கேட்டுப் படிக்க ஊரில் ஆளில்லை. கூட வந்த புத்தகத்தை ஆங்கில அகராதியும் கையுமாக எழுத்தெழுத்தாகப் படித்து ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதி வைத்தேன்.

எழுதியதைச் சேமிப்பது கெசட்டில். டேப் ரெக்கோடரின் ரெக்கோட் பட்டனை அமுக்கிவிட்டுக் கட்டளையைக் கொடுத்தால், ‘கீ…’ என்று நீண்ட சத்தமும் பிறகு கரகரப்பும் நாடாவில் பதியும். 16 கிலோபைட்டுக்கு இரண்டரை நிமிடம் போகும். திரும்ப ஏற்றும்போதுதான் சோதனை. சத்தம் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கால்வாசி திருப்பினால் சிலநேரம் சரிவரும். அந்தக் கரகரப்பைக் காதால் கேட்டே ஏறுமா ஏறாதா என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டேன். ஏறும் வரை யாரும் தரையில் அதிர நடக்கக்கூடாது என்று தங்கச்சிக்குக் கட்டளை.

கார்ட்ரிஜ் ஒன்றே ஒன்று இருந்தது, கொனாமியின் ‘அன்டார்ட்டிக் அட்வென்ச்சர்’. ஒரு பென்குயின் பனிக்கண்டத்தைச் சுற்றி ஓடும். கச்சான் காற்று அனலாக வீசும் ஆகஸ்ட் மாதத்தில், ஒழுங்கையிலிருந்த பிள்ளைகளெல்லாம் பாயில் குந்தி அந்தப் பனியைப் பார்த்தார்கள்.

கடற்கரை வீட்டில் இப்படியொரு சாமானை வைத்துப் பேணுவது லேசல்ல. உப்புக்காற்று இரும்பைத் தின்னும், செம்பைப் பச்சையாக்கும். கார்ட்ரிஜின் பொன்னிறக் கீற்றுகள் மங்கிப்போகும். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் மீண்டும் மினுங்கும். உம்மா மருதமுனைத் தறிச் சாரனில் அதற்கு உறை தைத்துத் தந்தார். மழைக்காலத்தில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில், ஈரம் அண்டாத மேல் தட்டில் வைப்போம். எனக்கென்று ஒரு பொருள் இருப்பதன் பொறுப்பை நான் கற்றது அதைத் துடைத்துத் துடைத்துத்தான்.

1990 வந்தது. ஜூனில் கிழக்கில் யுத்தம் மீண்டும் மூண்டது. கல்முனையில் ஊரடங்கும் இருட்டும். கரண்ட் இல்லாத வீட்டில் ஸக்ர் உறைக்குள் கிடந்தது. ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். குவைத்தில் மாமா என்ன ஆனார் என்று பற்றரி ரேடியோவில் காது வைத்திருந்த வீட்டுக்குத்தான் காத்தான்குடிச் செய்தியும் வந்தது. உம்மா எதற்கு அழுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து அழுதார். மாமா பாலைவனம் தாண்டி ஜோர்தான் முகாமில் கிடந்து, உடுத்த உடுப்போடு வந்துசேர்ந்தார். குவைத் யுத்தம் ஸக்ரையும் விடவில்லை, கம்பனி கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. குவைத்தில் மாமா உழைத்த காலத்துக்கு எங்கள் வீட்டில் மிஞ்சிய பெரிய அடையாளம் அந்தக் கொம்பியூட்டர்தான்.

பிறகு கரண்ட் வந்தது, நான் ஏ.எல். படித்தேன், மூத்தம்மா மௌத்தானார். கல்முனையில் விண்டோஸ் போட்ட கொம்பியூட்டர் வகுப்புகள் வந்தன. ஸக்ரை நான் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. மூத்தம்மாவின் கிதாபுகளோடு அதே அலுமாரியில் வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து அலுமாரியோடு எடுத்துப் போனது. அம்பாறைக் கரையில் ஆயிரமாயிரம் உயிர்கள் போன நாளில் ஒரு பழைய கொம்பியூட்டருக்காக யாரும் அழமாட்டார்கள், நானும் அழவில்லை. ஏறக்குறைய இருபது வருடம் கழித்து ஷாரிக் மறைந்த செய்தியைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

இன்றைக்கு ‘ஓப்பன் எம்.எஸ்.எக்ஸ்’ என்ற இலவச மென்பொருளில் ஸக்ரை அப்படியே ஓடவைக்கலாம். ஆனால் அந்தக் கெசட்டுகளில் நான் எழுதிவைத்ததும், அந்தக் கிதாபுகளும் எந்த மென்பொருளிலும் இல்லை. ஷாரிக் தன் கடைசிக் காலத்தில் பழைய அரபு இலக்கியச் சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்தார். நமக்கும் 2005 முதல் நூலகம் நிறுவனம் இருக்கிறது. இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் ஆவணங்களைப் படியெடுத்துக் காக்கிறது. முஸ்லிம்களுக்கென்று அதில் தனிப் பகுதியும் உண்டு.

கல்முனையிலோ நிந்தவூரிலோ மருதமுனையிலோ, கடல் விட்டுவைத்த வீடு ஏதாவதொன்றில் அரபு விசை வைத்த பழைய கொம்பியூட்டர் இருந்தால், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். மூத்தம்மாமாரின் அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தால் அதையும் படியெடுக்கக் கொடுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருந்த காலம் ஒன்று நமக்கு இருந்தது. அதைச் சொல்லும் சான்றுகள் இனிமேலும் தொலையக்கூடாது.