ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை

ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவே சிரிக்கும். ஆனால் ட்ரையம்ப் 1962இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் இருப்பது ஹெரால்டின் சேஸிஸ்தான், கொஞ்சம் நீளம் குறைத்தது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. ஸ்பிட்ஃபயரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதன் அண்ணன் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது.

நம்ம ஊர் ஹெரால்டுகள் 1961இலிருந்து வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் உருவானவை. அப்பா அங்கே அசெம்பிளியில் வேலை பார்த்தார். ஆலை மூடிப் பல வருஷம் ஆகியும் அந்த ஒரு வண்டியை மட்டும் விடவில்லை. உப்புக்காற்றில் கதவு மூன்று முறை அரித்து, மூன்று முறையும் ஒட்டுப் போட்டிருக்கிறார்.

போன வருஷம் வண்டியின் புரப்பல்லர் ஷாஃப்ட் போய்விட்டது. புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் ஒன்று கிடைத்தது. ஒரு ஒர்க் ஷாப்பில் அதை மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து 55ஐத் தாண்டினால் வண்டி நடுங்கும். 60இல் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் ரெண்டாகத் தெரியும். வீல் பேலன்ஸ் இரண்டு முறை பார்த்தாயிற்று. இன்ஜின் மவுண்டிங் ரப்பரை மாற்றினார்கள். அடுத்து கிளட்ச், அப்புறம் கிரவுன் என்று பட்டியல் நீண்டது.

அப்பா ஒரு நாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "வித்துடலாம்மா" என்றார். காசுக்காகச் சொல்கிறார் என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "டம்ளர் புடிக்கும்போது கை ஆடுது. வண்டி ஆடுதா, தான் ஆடுறோமான்னு அவருக்கே தெரியல."

எதிர்வீட்டு சார் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டர்பைன் பக்கம் இருந்து ரிட்டையர் ஆனவர். அவரிடம் போய்ச் சொன்னேன். எதை மாற்றலாம் என்று அவர் யோசிக்கவே இல்லை. "ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை நடுங்குது?" என்று கேட்டார்.

டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50. நடுக்கமும் நொடிக்கு 50 என்றால் முதலில் எடை ஒரு பக்கம் கூடிவிட்டதா என்று பார்ப்பார்களாம். 100 என்றால் இரண்டு ஷாஃப்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்ற சந்தேகம் வரும். "எதையும் கழட்டாதம்மா. முதல்ல எண்ணு" என்றார்.

எண்ணினோம். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி டேப் பிடித்தால் 1.78 மீட்டர். அப்படியானால் 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 9 சுற்றுக்கு மேல் சுற்றும். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினோம். ஷாஃப்ட் நாலு சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றியது. ஆக ஷாஃப்டுக்கு நொடிக்கு ஏறக்குறைய 38. போனில் அதிர்வை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, சீட்டுக்கு அடியில் டேப் வைத்து ஒட்டினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை 6 மணிக்கு, ஜிபிஎஸ் பார்த்து, 60இல் ஓட்டினேன். திரையில் உயரமாக நின்ற கோடு 77.

ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை.

ஆனால் டாப் கியரில் இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நாலு சிலிண்டர் இன்ஜினும் இயல்பாகவே ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறும். யார் குற்றவாளி? சார் சொன்னபடி அதே 60இல் மூன்றாவது கியரில் போனேன். இன்ஜின் சத்தம் ஏறியது, 77 நகரவில்லை. நியூட்ரலில் விட்டு உருண்டேன். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. இன்ஜின் விடுதலை.

ஷாஃப்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தோம். ஷாஃப்டின் இரு முனையிலும் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் ஜாயிண்ட் இருக்கிறது. வளைந்த நிலையில் சுற்றும் கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். முன்கிராஸ் முந்தும் நேரத்தில் பின்கிராஸ் பிந்தினால் கணக்கு நேராகிவிடும். அதற்கு ஷாஃப்டின் இரு முனைக் கவட்டைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். எங்களுடையது நடுவில் பல் வைத்துச் சறுக்கும் ஷாஃப்ட். அதைப் பிரித்து எந்தப் பல்லிலும் செருகலாம். யாரோ அப்படித்தான் செருகியிருந்தார்கள். ஒரு கவட்டை படுத்திருக்க, மற்றது நின்றுகொண்டிருந்தது. ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டிய இரண்டு கோளாறும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

அப்பா குனிந்து பார்த்தார். "வண்டலூர்ல இதுக்கு அம்புக்குறி போட்டுத்தான் கழட்டுவோம்" என்றார். பல்லை உருவி, கவட்டையைத் திருப்பி, கண்ணால் மட்டம் பார்த்து அவரே செருகினார். கிரீஸ் தவிர வேறு செலவில்லை.

மறுநாள் 60, 70, 80 வரை போனோம். 77இல் இருந்த கோடு தரையோடு படுத்துவிட்டது. திரும்பி வந்து டச்சுக் கோட்டை வாசலில் நிறுத்தினேன். அப்பா போனைக் கேட்டு வாங்கி, தன் வலது உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜின் அணைந்திருந்தது, காற்றும் இல்லை. திரையில் ஒரு கோடு எழுந்து 6இல் நின்றது.

"இது வண்டியோடது இல்ல" என்றார். பல மாதமாக ஒன்றாகக் குழம்பிக் கிடந்த இரண்டும் அந்த இடத்தில் பிரிந்தன. அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் பயப்பட வேண்டியது எது என்று இப்போது தெரிந்த பயம்.

அந்த வாரமே செங்கல்பட்டில் டாக்டரைப் பார்த்தோம். சும்மா இருக்கும்போது ஆடுகிறதா, எதையாவது பிடிக்கும்போது ஆடுகிறதா என்று டாக்டரும் முதலில் பிரித்துத்தான் கேட்டார். பிடிக்கும்போதுதான். அதற்கு மாத்திரை உண்டு. முழுக்க நிற்காது, குறையும் என்றார். இப்போது டம்ளரில் பாதிதான் காபி ஊற்றுகிறாள் அம்மா.

வண்டியை விற்கவில்லை. நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்து சீட்டில். முள் 55ஐத் தாண்டும்போது ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனிப்போம். பிறகு அவர்தான் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்.