253 என்கிற அடையாளம்

இன்றைய பிள்ளைகளுக்கு ஃப்ளாப்பி என்றால் 'ஸேவ்' பட்டனில் இருக்கும் சதுரப் படம். அது கையில் பிடிக்கும் பொருளாக இருந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். போகட்டும். அந்தப் பொருளுக்குள் ஓர் அடையாள அட்டை இருந்தது. ஒரே ஒரு பைட்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது ஃப்ளாப்பியில் ஒரு பக்கம்தான் எழுதலாம். 40 டிராக், டிராக்குக்கு 8 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள், 160 கே. 1982-ல் இரண்டு பக்கமும் எழுதி 320 ஆக்கினார்கள். 1983-ல் செக்டாரை 9 ஆக்கி 180, 360. வெளியே பார்க்க எல்லாம் ஒரே அச்சு. உள்ளே செருகியதும் டாஸுக்கு எப்படித் தெரியும்?

கோப்புகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று எழுதிவைக்கும் 'ஃபாட்' அட்டவணையின் முதல் பைட்டைப் பார்க்கும். 254 என்றால் 160 கே. 255 என்றால் 320. 252 என்றால் 180. 253 என்றால் 360. பைனரியில் எழுதினால் சூட்சுமம் புரியும். கடைசி பிட் 1 என்றால் இரட்டைப் பக்கம். அதற்கு முந்தைய பிட் 1 என்றால் 8 செக்டார், 0 என்றால் 9. அழகான ஏற்பாடு. அதனால்தானோ என்னவோ, அதிக நாள் தாங்கவில்லை. 1984-ல் 15 செக்டாருடன் 1.2 மெகாபைட் வந்தது; 249 கொடுத்தார்கள். அப்புறம் வந்த மூன்றரை அங்குல 720 கே-வுக்கும் அதே 249! ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு ஆட்டோ.

'இதெல்லாம் இப்ப எதுக்கு சார்?' என்பீர்கள். சொல்கிறேன்.

நண்பர் ஒருவர் மறைந்த தன் அப்பாவின் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே ஒட்டிய லேபிளில் மை போய்விட்டது. பழைய டிரைவ் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்து, முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தோம். பழைய கம்ப்யூட்டராக வேஷம் கட்டும் எமுலேட்டரில் அதைப் போட்டால், 'தெரியாத டிஸ்க்' என்று கைவிரித்தது. காரணம், பூஞ்சை. வட்டின் அளவுகளைச் சொல்லும் முதல் செக்டார் முழுக்கப் பூஜ்யம்.

அதைத் தாண்டி அடுத்த செக்டாரைத் திறந்தேன். முதல் பைட், 253. இரண்டு பக்கம், 9 செக்டார், 360 கே. கோப்பின் அளவும் 368,640 பைட், கணக்கு சரி. நல்ல 360 கே ஃப்ளாப்பி ஒன்றின் முதல் செக்டாரை எடுத்து இதில் ஒட்டியதும் எமுலேட்டர் சமாதானமானது. ஏழு கோப்புகள். எல்லாம் வேர்ட்ஸ்டாரில் அடித்த இங்கிலீஷ் கடிதங்கள். வார்த்தைகளின் கடைசி எழுத்து கோணல்மாணலாக வந்தது. அது வேர்ட்ஸ்டாரின் பழக்கம், சரிசெய்துவிடலாம்.

1989-ல் ஆபீஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று. மகனின் காலேஜ் ஃபீஸுக்காக பி.எஃப்.பில் கடன் கேட்டிருந்தார். நண்பர் இரண்டு முறை படித்தார். "பணம் கையில இருக்குடான்னுதான் சார் என்கிட்ட சொன்னாரு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

வெளியே ஒட்டிய லேபிள் அழிந்துபோனது. உள்ளே எழுதிய ஒரு பைட் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து வழி சொன்னது. நீங்களும் இன்றைக்கு எதைச் சேமித்தாலும், அது என்ன, எப்போது, எந்த மென்பொருளில் செய்தது என்று அதற்குள்ளேயே ஒரு வரி எழுதிவையுங்கள். பரணில் ஃப்ளாப்பி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். பூஞ்சைக்கு லீவு கிடையாது.