வரம்பிட்டு எழுதுதல்

மலைக்கோட்டை மேற்குகையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் பொறிக்கச் செய்த எழுத்துகள், வைத்த இடத்திலேயே இன்றும் நிற்கின்றன. அக்குன்றின் அடிவாரத்தில் அமர்ந்து நாம் கணினியில் எழுதிய எழுத்துகளோ ஓர் இரவுகூட நிலைத்து நிற்கவில்லை.

ஹதீஸ் தொகுப்பின் வரலாறு குறித்துக் கட்டுரை ஒன்று எழுதினோம். பத்தி தொடங்கும் இடமெல்லாம் இடைவெளி விசையை ஐந்து முறை தட்டினோம். மேற்கோள்களை உள்ளே தள்ளி நிறுத்தவும் அதே தட்டல்தான். குறிப்பு எண்களைக் கையாலேயே இட்டு, குறிப்புகளைக் கட்டுரையின் இறுதியில் வரிசைப்படுத்தினோம். பார்வைக்குக் குறையொன்றும் இல்லை.

பின்னர் இடையில் ஒரு பத்தியைச் சேர்த்தோம். எழுத்தையும் சற்றுப் பெரிதாக்கினோம். வரிகள் இடம் பெயர்ந்தன. தள்ளி நின்ற மேற்கோள் நம் சொந்த வாசகத்தோடு கலந்தது. அரபு வாசகத்தின் முற்றுப்புள்ளி, வரியின் தொடக்கத்திற்குப் போய்விட்டது. இவற்றினும் பெரிய பிழை ஒன்று மெய்ப்புத் திருத்தும்போது தென்பட்டது. புதிய பத்தியின் குறிப்புக்கு 4 என எண்ணிட்டு, இறுதிப் பட்டியலில் பழைய நான்கை ஐந்தாக்கிய நாம், வாசகத்தில் இருந்த எண்களை மாற்ற மறந்திருந்தோம். அதனால், 5 என்று குறிக்கப்பட்டிருந்த உரையாசிரியர் ஒருவரின் விளக்கம், ஸஹீஹுல் புகாரியில் உள்ள நபிமொழியாகக் காட்சியளித்தது!

நெஞ்சு நடுங்கியது. அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறாததை அவர்கள் கூறியதாகச் சொல்வோர்க்குள்ள எச்சரிக்கையை ஓதி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்?

மத்ரஸாவில் நாம் ஓதிய கிதாபுகளில், மூலமாகிய மத்தனும் உரையாகிய ஷரஹும் மயங்காதிருக்க, மூலத்தை அடைப்புக்குள் இட்டோ மேலே கோடிட்டோ காட்டியிருப்பர். பழைய கையெழுத்துப் படிகளில் மூலத்தைச் சிவப்பு மையால் எழுதியோரும் உண்டு. ஹதீஸிலோ, சொல் வருமுன்பே அதனைச் சொன்னவர்களின் தொடராகிய இஸ்னாது வந்து நிற்கும். இத்தனை பேணுதலோடு கற்ற நாம், வரம்பிடும் பொறுப்பை இடைவெளி விசையிடம் ஒப்படைத்திருந்தோம்.

ஆராய்ச்சி மாணவியாகிய நம் மகள் அருகில் வந்து அமர்ந்தாள். “கண்ணளவை நம்பாதீர்கள், அத்தா. பத்திக்கே கட்டளை இடுங்கள்” என்றாள்.

திரையின் மேலுள்ள அளவுகோலில் இரண்டு முக்கோணங்கள் உள்ளன. மேலதை நகர்த்தினால் பத்தியின் முதல் வரி மட்டும் உள்ளே செல்லும்; கீழதை நகர்த்தினால் ஏனைய வரிகள் செல்லும். நீண்ட மேற்கோளுக்கு இரண்டும் உள்ளே வரவேண்டும். நூற்பட்டியலில் முதல் வரி வெளியே நிற்க, மற்றவை உள்ளடங்க வேண்டும். அரபுப் பத்திக்கு வலமிருந்து இடம் என்னும் திசையைக் குறித்தால், முற்றுப்புள்ளி தன் இடத்திற்குத் திரும்பும். குறிப்புகளை அவற்றிற்குரிய கட்டளையால் இட்டால், இடையில் எத்தனை சேர்ப்பினும் எண்கள் தாமே சீராகும். குறிப்பும் தன் வாசகத்தை விட்டு அகலாது.

ஆயினும், கணினி காப்பது எண்ணின் வரிசையை மட்டுமே. எண்ணுக்கு நேரே நாம் எழுதியது மெய்தானா என்பதை அது அறியாது. புகாரியின் பதிப்புகளுக்கிடையே ஹதீஸ் எண்களே வேறுபடுவதுண்டு. ஆகவே எண்ணோடு பாடத்தின் பெயரையும் பதிப்பையும் சேர்த்தே குறிக்கலானோம். அச்சகத்தாரிடம் இரண்டு நாள் தவணை கேட்டு, மேற்கோள் ஒவ்வொன்றையும் கிதாபைத் திறந்து வைத்து ஒப்பிட்டோம். மகள் வாசிக்க நாம் சரிபார்த்தோம்.

பிறர் சொல் நம்மிடம் வந்த அமானிதம். அது தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் வாசகர்க்குக் காட்டுவது எழுதுவோர் கடமை. அறியாமற் செய்த பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக! ஆமீன்.