பற்றிய கையும் பற்றப்பட்ட கையும்

வைணவ உரைமரபைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு. குரங்கும் பூனையும் வரும் இடம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் மரம் விட்டு மரம் தாவுகையில் பிடி நழுவினால் விழ வேண்டியதுதான். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாயே அதன் பிடரியைக் கவ்விக்கொண்டு போகிறது. வீடுபேற்றுக்கு உயிர் தன் பங்காக ஏதேனும் செய்தாக வேண்டுமா, அன்றி எல்லாம் அவன் அருளேயா என்பது வினா. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இதற்குச் சொன்ன விடைகளின் வழியே பின்வந்தோர் வடகலை, தென்கலை என்று பிரிந்தனர். வகுப்பில் நான் இதைச் சொல்லி முடித்ததும் யாரேனும் ஒரு மாணவன், "ரெண்டுல எது சரி சார்?" என்பான். அவ்வினா தேர்வுக்கு வராது என்று சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். வீட்டில் அவ்வாறு போய்விட முடிவதில்லை.

ஏனெனில் நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு கிறித்தவக் குடும்பத்தில். இதே வினா எங்களிடம் வேறு சொற்களில் உலவுகிறது. 'ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் அந்த இரட்சிப்பை இழக்க முடியுமா?' முடியாது என்போர் அதனை 'நித்திய பாதுகாப்பு' என்கின்றனர். அவர்கள் கைக்கொள்ளும் ஆதாரம் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரம். தம் ஆடுகளை எவரும் தம் கையிலிருந்து பறிக்க இயலாதென்று இயேசு உறுதியளிக்கும் பகுதி அது. முடியும் என்போர் எபிரெயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைத் திறக்கின்றனர். ஒளியைக் கண்டு, பரம ஈவைச் சுவைத்துப் பின் விலகிப்போனவர்களைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை அங்கிருக்கிறது. இரண்டும் ஒரே நூலின் இரு பக்கங்கள். இரண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் எங்கள் மக்கள் உறங்குகின்றனர்.

ஐரோப்பாவில் இப்பூசல் பழையது. ஆர்மீனியசின் வழிவந்தோர் 1610இல் ஐந்து கூற்றுகளை முன்வைத்தனர். அவற்றுள் ஐந்தாவது, மெய்விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பது. சுவையான செய்தி என்னவெனில், அதனை இன்னும் ஆராய வேண்டுமென்று அவர்களே அப்போது முடிவின்றி விட்டிருந்தனர். 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய பேரவை அவ்வளவு தயங்கவில்லை. தேவன் தெரிந்துகொண்டவர்களை அவரே கடைசிவரை காப்பார் என்று கால்வினின் வழியில் நின்று தீர்மானித்தது. அடுத்த நூற்றாண்டில் ஜான் வெஸ்லி மறுபக்கம் நின்றார்.

எங்கள் பள்ளத்தாக்குக்கு இவ்விரு நீரோட்டங்களும் வெவ்வேறு வாய்க்கால் வழியே வந்து சேர்ந்தன. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், பெரியகுளத்தைத் தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டு இப்பக்கத்து ஊர்களில் பள்ளிகளையும் சபைகளையும் நடத்தியது. அந்த மிஷனரிகள் கால்வினிய வேர் கொண்ட காங்கிரிகேஷனல் மரபினர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது அச்சபைகள் அதில் அடங்கின. இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களின் வரலாறு தனி. பின்னர் வந்தவை பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள். ஓட்டுக் கூரை, ஒலிபெருக்கி, வெள்ளை உடை, பாதி இரவுவரை உபவாச ஜெபம். முடிவுவரை நிலைத்து நிற்க வேண்டும் என்பது அங்கே ஓயாமல் ஒலிக்கும் சொல். தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் சாலையில் பாறைகளிலும் சுவர்களிலும் 'இயேசு வருகிறார்' என்று எழுதியிருப்பதைப் படித்தபடி வளர்ந்தவர்கள் நாங்கள்.

இரட்சிப்பு நிலையானதா என்னும் வினாவுக்கு அனலூட்டுவது இந்த வருகைதான். வருகை ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலெனில் மனிதன் விழலாம், எழலாம், மனந்திரும்பலாம். இன்றிரவே எக்காளம் தொனிக்கும் என்றால், இந்தக் கணத்தில் நான் உள்ளேயா, வெளியேயா என்பதொன்றே வினாவாக எஞ்சுகிறது. 'இரகசிய வருகை'யில் ஆயத்தமானோர் எடுத்துக்கொள்ளப்படுவர், மற்றோர் கைவிடப்படுவர் என்னும் போதனை இவ்வடிவில் உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டில்; ஜான் நெல்சன் டார்பி முதலிய சகோதர சபையினர் அதனைப் பரப்பினர்.

அது தமிழ்நாட்டை அடைய நெடுங்காலம் ஆகவில்லை. சகோதர சபையின் முன்னோடிகளுள் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் இரேனியசிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867) அவரோடு பழகி, அயல்நாட்டுச் சங்கங்களின் சம்பளத்தை ஏற்காத சுதந்தர ஊழியரானார். வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் கிறிஸ்டியான்பேட்டை என்னும் குடியிருப்பை உண்டாக்கினார். 1860இல் அங்கெழுந்த எழுப்புதலில் மக்கள் கண்ணீர்விட்டு விழுந்தனர். அந்நிய பாஷை பேசினர். பெண்கள் தீர்க்கதரிசனம் உரைத்தனர். அந்த எழுப்புதலின் அலை 1870களில் திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறித்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்னும் போதகர் அதற்குத் தலைமையேற்றுத் தனிச்சபை கண்டார். 1881இல் கிறிஸ்து வருவார் என்று அவர்கள் நாள் குறித்தனர். நாள் வந்தது, போயிற்று. சபை மெல்லத் தேய்ந்தது. அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகள் மட்டும் இன்றும் பாடப்படுகின்றன.

அதன் பின்னும் நாள் குறிப்பவர்கள் ஓயவில்லை. 2000ஆம் ஆண்டின் பிறப்பு, 2011இல் ஹெரால்டு கேம்பிங் என்னும் அமெரிக்கர் அறிவித்த மே 21, பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசியே அந்திக்கிறிஸ்துவின் முத்திரை என்று கைப்பேசிகளில் பறந்த செய்திகள் என்று பட்டியல் நீளும். அதே 2011இன் இறுதியில் எங்கள் பள்ளத்தாக்கு வேறொரு முடிவைப் பற்றிய பேச்சில் கொதித்துக்கொண்டிருந்தது. முல்லைப்பெரியாறு அணை உடையுமென்று மலைக்கு அப்பாலுள்ளோர் அஞ்சினர். அந்தத் தண்ணீர் நின்றுபோனால் எங்கள் வயல்களின் கதை முடிந்தது என்று இப்பக்கத்தார் குமுளியை நோக்கித் திரண்டனர். 1886இல் எழுதப்பட்ட அணையின் குத்தகை 999 ஆண்டுகளுக்கு உரியது. ஆயிரவருட அரசாட்சிக்கு ஓராண்டே குறைவு என்று எங்கள் சபையில் ஒரு பெரியவர் வேடிக்கையாகச் சொல்வார். 1895இல் எழும்பி முடிந்த ஒரே சுவர்தான். ஒரு பக்கத்தாருக்கு அது அச்சம், மறுபக்கத்தாருக்கு அடைக்கலம். கோட்பாடுகளும் அப்படித்தான் என்று பின்னர் எனக்குத் தோன்றியது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அவை நிழல் தருகின்றன, அல்லது நெஞ்சை அடைக்கின்றன.

என் அம்மா இரண்டு பக்கங்களிலும் நின்றவர். தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, அப்பா காலமான பின் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், ஐம்பது வயதில் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். தோட்டைக் கழற்றினார், வெள்ளைச் சேலைக்கு மாறினார். 'கைவிடப்படுதல்' என்னும் சொல் அவருக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. ஒருநாள் கடைவீதியிலிருந்து திரும்பியபோது வீடு திறந்து கிடந்திருக்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது, ஆளரவம் இல்லை. வருகை நடந்துவிட்டது, தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். தங்கை பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இதைச் சிரித்துக்கொண்டேதான் பலமுறை சொல்வார். ஆனால் சொல்லும்போதெல்லாம் கை நடுங்கும்.

பிறகு அல்சைமர் நோய் வந்தது. முதலில் சாவி, அடுத்து நாள்கிழமை, அதன்பின் பேரக்குழந்தைகளின் பெயர்கள். நான்காம் ஆண்டில் ஒரு ஊழியர் ஜெபிக்க வந்தார். கட்டிலருகே குனிந்து, "அம்மா, இயேசுவைச் சொல்லுங்க" என்றார். அம்மா அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அது யாரு தம்பி?" என்று கேட்டார். அந்த ஊழியர் தீயவர் அல்லர். அவரும் கலங்கித்தான் போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், "முடிவு வரைக்கும் அறிக்கைல நிலைச்சிருக்கணும்னுதான் வசனம் இருக்கு சார். நாம ஜெபிப்போம்" என்றார். அடுத்த வாரம் சகோதர சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்தார். அவர் அம்மாவை எதுவும் கேட்கவில்லை. போகும்போது, "பிடிச்சது அவரு கை. இவங்க மறந்தா என்ன, அவரு மறப்பாரா?" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாக்கியங்களையும் கேட்டுக்கொண்டு அடுக்களையில் நின்றவள் என் தங்கை. இரவும் பகலும் அம்மாவை அள்ளி, துடைத்து, ஊட்டியவள் அவள். உடல் களைப்பைவிட அந்த முதல் வாக்கியமே அவளைத் தின்றது. ஓர் இரவு, "அண்ணே, முப்பது வருசம் நாலு மணிக்கு எந்திரிச்சு ஜெபிச்சாங்களே... அது கணக்குல இல்லியா?" என்றாள்.

இதற்கு விடை தேடி நான் போனது என் பாடப்புத்தகத்துக்கே. பெரியாழ்வார் திருமொழியில் நான்காம் பத்தின் இறுதித் திருமொழி. தளர்ச்சி வந்து வாட்டும் கடைசி வேளையில் தம்மால் இறைவனை எண்ண முடியாது என்பதை ஆழ்வார் முன்கூட்டியே உணர்கிறார். ஆகவே உடலும் உள்ளமும் தெளிவாக இருக்கும் இன்றைக்கே, அன்றைக்குரிய விண்ணப்பத்தையும் அரங்கனிடம் சேர்த்துவிடுகிறார். இதன் மறுபாதி போல, வராகப் பெருமாளின் வாக்காக வைணவர் போற்றும் சரம சுலோகம் ஒன்று உண்டு. நலமாயிருந்தபோது தன்னை நினைத்த அடியவன் கட்டையாய், கல்லாய்க் கிடக்கும் காலத்தில், அவனைத் தான் நினைப்பதாகவும் தானே அழைத்துச் செல்வதாகவும் இறைவன் அங்கே வாக்களிக்கிறான்.

தங்கையிடம் பொருளை மட்டும் சொன்னேன். மற்றச் சமய நூல்களைத் தொடாதவள் அவள். சற்று நேரம் பேசாமலிருந்து, "யாரு பாடுனது?" என்றாள். "வில்லிபுத்தூர்க்காரர்." "நம்ம மலைக்கு அங்கிட்டா?" "ஆமா." "இன்னொருக்கா சொல்லு" என்றாள். சொன்னேன்.

அவளுக்குச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். வருசநாட்டு மலைக்கு அப்பாலுள்ள அதே அடிவாரத்தில்தான் அருளப்பனின் கிறிஸ்டியான்பேட்டையும் இருக்கிறது. ஆழ்வார் கடைசி வேளைக்கு முன்னேற்பாடு செய்த வட்டாரத்திலேயே, பல நூற்றாண்டுகள் கழித்து, கடைசிக் காலத்தை எதிர்பார்த்து மக்கள் கண்ணீர்விட்டனர். அருளப்பனின் நாட்குறிப்புகளை 1939இல் நூலாக்கியவர் ஜி. எச். லாங் என்னும் ஆங்கிலேயர். நம் வினாவுக்கு அவரே இடைவழியொன்று சொன்னவர்: இரட்சிப்பு ஒருபோதும் பறிபோகாது, ஆயிரவருட அரசாட்சியில் கிடைக்கும் பங்கு பறிபோகலாம். வைணவப் பிறப்பும் கிறித்தவ நம்பிக்கையுமாக வாழ்ந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் வெளிவந்த தம் இரட்சணிய யாத்திரிகத்துக்கு ஜான் பனியனின் கதையை முதலாகக் கொண்டார். பனியனோ தாம் தள்ளுண்டவரோ என்று பல்லாண்டு நடுங்கியவர். மோட்ச வாசலிலிருந்தே நரகத்துக்கு ஒரு வழி போவதைத் தம் கதையின் கடைசிப் பக்கத்தில் காட்டியவர். ஆகவே இந்த அச்சம் படியாதவர்களின் பேதைமை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். பெருங்கவிகளும் அதில் கிடந்து வெந்தனர்.

என் முடிவு, அதை முடிவென்று சொல்லலாமெனில், இதுதான். குரங்குக்குட்டியின் நியாயம் கை வலுவுள்ளவர்களுக்கு உரியது. நடமாடும் மனிதனிடம், நீ செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னால் அவன் சோம்புவான், சிலவேளை துணிந்து தீங்கும் செய்வான். எபிரெயர் ஆறு அவனுக்காக எழுதப்பட்டது. பூனைக்குட்டியின் நியாயம் கை ஓய்ந்தவர்களுக்கு உரியது. கட்டிலில் கிடப்பவரிடம் போய், இன்னும் இறுக்கிப் பிடி என்பது அறமாகாது. யோவான் பத்து அவருக்காக. எச்சரிக்கையை நோயாளியிடமும் ஆறுதலை ஆணவக்காரனிடமும் மாற்றிக் கொடுத்துவிடுவதில்தான் பிரசங்கங்கள் பிழைபடுகின்றன. தென்கலை ஆசிரியர்கள் ஈன்ற பசுவைச் சுட்டுவர். கன்றின் மேலுள்ள அழுக்கை அது குறையென்று பார்ப்பதில்லை, நக்கித் துடைக்கிறது. தங்கை நான்காண்டுகள் அம்மாவுக்குச் செய்ததும் அதுவே. மனுசியே இவ்வளவு செய்வாளெனில் தேவன் குறைவாகவா செய்வார்?

அம்மா 2019இல் இறந்தார். அடக்க ஆராதனையில் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்தனர். இரகசிய வருகைக்கு எங்கள் பிரசங்கிகள் காட்டும் முதன்மையான பகுதி அதுதான். எக்காளம், மேகங்கள், எடுத்துக்கொள்ளப்படுதல் எல்லாம் அங்கேதான் வருகின்றன. அதுவரை அச்சுறுத்தலாகவே கேட்டுப் பழகியிருந்த பகுதியை, அன்று குழியருகே நின்றபோது அதன் இடம் அறிந்து கேட்டேன். பவுல் அதை எவரையும் மிரட்ட எழுதவில்லை. இறந்துபோன தம் மக்கள் என்னாவார்களோ என்று துயருற்றவர்களைத் தேற்றவே எழுதினார். அதன்படி, வருகையின் நாளில் உயிரோடிருப்பவர்கள் முந்திக்கொள்வதில்லை. மரித்தவர்களே முதலில் எழுந்திருப்பார்கள். திறந்து கிடந்த வீட்டின் வாசலில் உட்கார்ந்து, தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்களென்று அழுத அம்மாவுக்கு, அந்த ஒழுங்கில் நாங்கள்தான் பின்னால் வரவேண்டும்.