முன்னால் இருந்தவர் ஏன் போனார்?

ஹவுஸ் சர்ஜன் முடித்த தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, கவர்மென்டா, பிரைவேட்டா?"

பி.ஜி. ஆசை இருந்தால் அரசு மருத்துவர் பணிக்கான எம்.ஆர்.பி. தேர்வை எழுதிவிடுங்கள். முதுநிலைப் படிப்பின் மாநில இடங்களில் அரசு மருத்துவர்களுக்கு 50 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை இருக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள், நீட் மதிப்பெண்ணோடு ஊக்க மதிப்பெண்ணும் சேரும்.

பிரைவேட் என்றால் சம்பளம் கடைசிக் கேள்வி. அதை அவர்களே முதலில் சொல்லிவிடுவார்கள். மினிமம் கேரண்டி எத்தனை மாதத்துக்கு, அது முடிந்தபின் கணக்கு எப்படி, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். அதைவிட முக்கியம், உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்பது. அவரையே பிடியுங்கள். எச்.ஆர். மறைத்ததை ஒரு டீ முடிவதற்குள் சொல்லிவிடுவார். நைட் டியூட்டி நர்ஸ் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்!

"மாசம் இத்தனை அட்மிஷன் வரணும் டாக்டர்" என்று வாய்மொழியாக டார்கெட் வைக்கிறார்களா? எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். கிளம்பிவிடுங்கள்.

சொந்த கிளினிக் கதை இன்னொரு நாள்.