பயனிலை இல்லாத வரிகள்

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பென் டிரைவில் கொண்டுவரும் பவர்பாயிண்ட் கோப்பைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறதென்று என்னால் சொல்லிவிட முடியும். முதல் ஸ்லைடில் தலைப்பு, பெயர், பதிவு எண். இரண்டாவது 'இன்ட்ரொடக்‌ஷன்'. அப்புறம் 'அப்ஜெக்டிவ்ஸ்', 'அட்வான்டேஜஸ்', 'டிஸ்அட்வான்டேஜஸ்', 'கன்க்ளூஷன்'. கடைசியில் ரோஜாப்பூப் படத்தோடு 'தேங்க் யூ'. டெங்குக் காய்ச்சலைப் பற்றிப் பேச வந்த ஒரு பையன் 'அட்வான்டேஜஸ்' என்று ஒரு ஸ்லைடு வைத்திருந்தான். கீழே எதுவும் இல்லை. கேட்டால், "எல்லாரும் போடறாங்க சார், அதான்" என்றான்.

கரூர்ப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். வணிகவியல் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம். குளித்தலையிலிருந்தும் அரவக்குறிச்சியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். பெரும்பாலான வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்கள்தான். கடைசி ஆண்டில் ஒரு புராஜெக்ட், அதற்குப் பத்து நிமிட வைவா. அதற்குத் தயார்செய்வது என் வேலை. பாடத்திட்டத்தில் அதற்குக் கொடுத்திருக்கும் பெயர் ஒரே வரிதான்: அவுட்லைனிலிருந்து ஸ்லைடு உருவாக்குதல்.

அவுட்லைன் என்றதும் பிள்ளைகள் புதிய விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் எல்லோரும் எழுதியதுதான். கட்டுரைக்கு முன்னால் ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் முன்னுரை, நடுவில் நாலைந்து உள்தலைப்பு, முடிவுரை என்று எழுதுவோமே, அந்தக் குறிப்புச்சட்டகம். வினாத்தாளிலேயே குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பெட்டிக்குள் அப்படியே இறக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஏற்கெனவே மனப்பாடம் செய்த பத்தியை நிரப்பினால் போதும். சட்டகம் என்பது யோசிப்பதற்கான இடம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்கேலும் நீல மையும் கேட்கும் ஓர் அலங்காரமாகத்தான் அது இருந்தது. அந்தப் பெட்டிதான் ஐந்து வருடம் கழித்து ஆங்கிலம் பூசிக்கொண்டு ஸ்லைடாக வருகிறது.

இதில் மென்பொருளின் குற்றம் கொஞ்சம்தான். பவர்பாயிண்ட் 1987இல் மெக்கின்டாஷுக்காக வெளிவந்தது. ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் ஃபோர்தாட் என்ற சின்ன நிறுவனத்தில் செய்தது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய வருடமே டேவ் வைனரின் 'மோர்' என்ற மென்பொருள் வந்துவிட்டது. அது அடிப்படையில் குறிப்புகளைப் படிப்படியாக அடுக்குவதற்கானது. அடுக்கி முடித்ததும் அந்த அடுக்கையே திரையில் காட்டும் பட்டியலாக மாற்றிக் கொடுக்கும். அங்கே முதலில் யோசனை, பிறகுதான் ஸ்லைடு. நம் பிள்ளைகள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் டிசைன் தேர்வு, அப்புறம் எழுத்து பறந்து வருவதற்கு அனிமேஷன், கடைசியாக என்ன சொல்வது என்ற கேள்வி. அந்தக் கேள்வி வருவதற்குள் லேப் நேரம் முடிந்துவிடும்.

அதனால் முதல் வாரம் லேப் கிடையாது என்று சொல்லிவிடுவேன். ஆளுக்கொரு ஏ4 தாள். பத்து வரி எழுத வேண்டும், தமிழில். ஒரே விதி: ஒவ்வொரு வரியும் வினைமுற்றில் முடிய வேண்டும். பயனிலை பெயராகவும் வரலாம், வினாவாகவும் வரலாம் என்று இலக்கணம் தெரிந்த பிள்ளை ஒன்று சண்டைக்கு வரும். வரலாம்தான். இந்தத் தாளில் மட்டும் வினை வேண்டும். 'விலைவாசி உயர்வு' என்று எழுதினால் அடித்துவிடுவேன். எது உயர்ந்தது, எப்போது உயர்ந்தது, உயர்த்தியது யார்? 'வேலைவாய்ப்பின்மை' என்று எழுதினால் யாருக்கு வேலை கிடைக்கவில்லை? தலைப்பாக எழுதும்போது இந்தக் கேள்வி எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாக்கியமாக எழுதினால் தப்பிக்க முடியாது.

அடுத்த நாள் அந்தப் பத்து வரியை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வேன். இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு சொல் போட வேண்டும். அதனால், ஆனால், ஏனென்றால், எனினும், எது பொருந்துகிறதோ அது. வெறும் 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அது மளிகைச் சாமான் பட்டியல். அரிசிக்கு அப்புறம் பருப்பு. மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். அதில் 'சென்று தேய்ந்து இறுதல்' ஒன்று. போகப்போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது. 'அப்புறம்' மட்டுமே இணைக்கும் பேச்சு எல்லாம் அப்படித்தான் முடிகிறது. ஏழாவது ஸ்லைடு வரும்போது பேசுகிறவருக்கே ஆர்வம் போய்விடுகிறது.

இது முடிந்த பிறகுதான் கணினி. வேர்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஹெடிங் 1' கொடுக்க வேண்டும். அதற்கான சான்று, கணக்கு, உதாரணம் எல்லாம் 'ஹெடிங் 2'. சேமித்து மூடிவிட்டு பவர்பாயிண்டில் 'நியூ ஸ்லைடு' கீழே இருக்கும் 'ஸ்லைட்ஸ் ஃப்ரம் அவுட்லைன்' அழுத்தினால் பத்து வாக்கியமும் பத்து ஸ்லைடுக்குத் தலைப்பாக வந்து உட்காரும். பிள்ளைகள் "ஏய்!" என்று கத்துகிற இடம் இது. ஒரு நிமிடம் கழித்து யாராவது கட்டாயம் கேட்பார்கள், "சார், நான் எழுதின பாரா எல்லாம் காணோம்." காணாமல் போகவில்லை. ஹெடிங் கொடுக்காத சாதாரணப் பத்தி ஸ்லைடுக்கு வராது. "அது வாய்க்கு" என்பேன். திரையில் இருக்க வேண்டியது ஒன்று, வாயில் இருக்க வேண்டியது வேறொன்று என்பதை நான் சொல்லித் தருவதைவிட அந்த மென்பொருள் ஒரு நொடியில் நன்றாகச் சொல்லித் தந்துவிடுகிறது.

ஆனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் திரையிலேயே எழுதி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பயம். வைவா ஆங்கிலத்தில். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வந்த பெண் பத்துப் பேர் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைத்தால் எங்காவது தடுக்கும், யாராவது சிரிப்பார்கள். புள்ளி வைத்த துண்டு வரிகளில் அந்த ஆபத்து இல்லை. 'லோ இன்கம்', 'லேக் ஆஃப் அவேர்னஸ்'. இதில் காலம் தப்பாது, ஒருமை பன்மை தப்பாது, ஏனென்றால் வினைச்சொல்லே இல்லை. துண்டு வரி என்பது அவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம். அதைப் பிடுங்குகிறவன் மாற்றாக ஏதாவது கொடுக்க வேண்டும். நான் கொடுப்பது தமிழ்த் தாள். தமிழில் முதலில் முழு வாக்கியமாக நிற்கட்டும். அதற்கப்புறம் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது மொழிபெயர்ப்பு வேலை மட்டும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்வதுதான் கொடுமை.

துண்டு வரியில் ஒளிவது கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் இல்லை. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே போயிங் பொறியாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பிறகு எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடுகளில் ஒன்றை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். விசாரணைக் குழுவின் அறிக்கையும் அதைப் பற்றிப் பேசியது. பெரிய எழுத்தில் இருந்த தலைப்பு தைரியம் சொல்வதுபோல இருந்தது. மிகக் கீழே, உள்ளுக்குள் உள்ளாகத் தள்ளிவைத்த வரியில்தான் விஷயம் இருந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்தது 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. 'நாம் சோதித்துப் பார்த்தது இதுவே இல்லை' என்று யாரும் தலைப்பில் ஒரு வாக்கியமாக எழுதவில்லை.

ஸ்லைடால்தான் ஓடம் விழுந்தது என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. இறக்கையில் விழுந்த அடிதான் காரணம். ஆனால் டேப் கீயைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவுட்லைனில் டேப் தட்டினால் வரி ஒரு படி உள்ளே போகும். ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் மேலே வரும். பார்க்க ஏதோ இடம்விடுகிற வேலை மாதிரி இருக்கும். உண்மையில் எது பெரிது, எது அதற்குக் கீழ் என்று ஒவ்வொரு தட்டிலும் நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

போன வருடம் ஒரு பெண். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் தொழில்தான் தலைப்பு. கரூரில் அது பெரிய தொழில். எஞ்சினும் சக்கரமும் மட்டும் வைத்த சேஸ் வரும். டிரைவர் வெயிலில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஓட்டிவருவார். இங்கே சட்டம் அடித்து, தகடு போர்த்தி, சீட் போட்டு, பெயின்ட் அடித்து முழு பஸ்ஸாக அனுப்புவார்கள். அவளுடைய அப்பா ஒரு பட்டறையில் வெல்டர். முதல் தாளில் வழக்கம்போல வரலாறு, நன்மைகள், தீமைகள், முடிவுரை. வினைமுற்று வேண்டுமென்று திருப்பிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து இப்படி வந்தது:

சேஸ் வந்தால்தான் வேலை தொடங்குகிறது. ஒரு பஸ்ஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். பஸ் வெளியே போன பிறகுதான் மீதிக் கூலி வருகிறது. சேஸ் வராத வாரங்களில் முன்பணம் வாங்குகிறார்கள். முன்பணம் வாங்கியவர்கள் வேறு பட்டறைக்கு மாற முடிவதில்லை. அதனால் கூலி உயர்வதில்லை.

'அதனால்' என்பதை அவளே போட்டிருந்தாள். "சார், அஞ்சாவது வரி எழுதினப்பறந்தான் எங்கப்பா ஏன் அந்தப் பட்டறைய விடலைன்னு தெரிஞ்சுதுங்க. அம்மா கேட்டுக் கேட்டு சண்டையே போட்டிருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "இதப் போட்டா அப்பாவுக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?" என்று கேட்டாள்.

தலைப்புகளாக இருந்தவரை வராத கேள்வி இது. 'தீமைகள்' என்ற சொல்லால் யாருக்கும் எதுவும் ஆகாது. எழுவாயும் பயனிலையும் உள்ள வாக்கியம் வெளியே போனால் அது யாரையாவது போய்த் தொடும். நான் முடிவுசெய்யக்கூடிய விஷயம் இல்லை என்று சொல்லி, வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். திங்கட்கிழமை வந்தாள். "பட்டறை பேரு வேண்டாம், கணக்கு சரியா இருந்தா போடுன்னுட்டாருங்க." கூடவே இன்னும் சில பட்டறைகளில் ஆட்களிடம் பேசிவிட்டு வந்திருந்தாள். கடைசி வரியை அவளே மாற்றினாள். 'கூலி உயர்வதில்லை' என்பதற்குப் பதில் 'நான் பேசியவர்களுக்குக் கூலி உயரவில்லை'. வரி சின்னதாகிவிட்டது. ஆனால் யார் கேட்டாலும் அவளால் பதில் சொல்ல முடிகிற அளவுக்குச் சின்னதாகியிருந்தது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நடுவில் நிறுத்தி, "அட்வான்டேஜஸ் எங்கம்மா?" என்றார். "யாருக்கு அட்வான்டேஜ்னு கேக்கறீங்க சார்?" என்றாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முன்பணத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அவளுடைய ஆங்கிலம் இரண்டு மூன்று இடத்தில் தடுக்கியது. அங்கெல்லாம் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதிப்பெண் மற்றவர்களுக்கு வந்த மாதிரிதான் வந்தது.

இந்த வருடம் வகுப்பு வேறு மாதிரி இருக்கிறது. சாட்ஜிபிடியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பத்து வரி அவுட்லைன், கேட்டால் தமிழிலேயே, வினைமுற்றோடே தருகிறது. இனி என்னத்தைச் சொல்லித்தர என்று உடன் வேலைபார்க்கும் நண்பர் கேட்டார். போன மாதம் ஒரு பையன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். முருங்கை வியாபாரம் பற்றி. பிழையே இல்லை. 'அதனால்' எல்லாம் சரியான இடத்தில் இருந்தது. அடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: "இது உனக்கு எப்படித் தெரியும்?"

'இடைத்தரகர்கள் விவசாயிகளின் லாபத்தைக் குறைக்கிறார்கள்' என்ற வரியில் நின்றான். அரவக்குறிச்சிப் பக்கத்துப் பையன், வீட்டில் முருங்கைக் காடு இருக்கிறது. "எங்க ஊர்ல அப்பிடி இல்லீங்க சார். காய் எடுக்கறவரு எங்க மாமா. வெல விழுந்தப்ப அவருதான் எங்களுக்குக் கடன் குடுத்தாரு" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அந்தக் கடனுக்குத்தான் இப்பவும் அவருக்கே காய் போடறோம்" என்றான்.

பேனாவைக் கொடுத்தேன். பத்து வரியில் ஏழை அடித்தான். மிச்சமிருந்த மூன்றுக்குக் கீழே இப்போது சொன்ன இரண்டையும் எழுதினான். இரண்டுக்கும் நடுவில் 'ஆனால்' போடுவதா 'அதனால்' போடுவதா என்று மணி அடிக்கும்வரை முடிவுசெய்ய முடியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மாமாகிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்" என்று பஸ்ஸுக்குப் போனான்.