ஓரத்தில் எழுந்த வினா

பகலில் நாம் பள்ளி ஆசிரியர். மாலையில், ஊர்ப் படிப்பகத்தில், கல்லூரி மாணவர் பன்னிருவர்க்குக் கட்டுரை பயிற்றுகிறோம். அவர்களிற் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்.

'நம் ஊர்த் திருவிழா' எனத் தலைப்புத் தந்தோம். பன்னிரண்டு கட்டுரைகள் வந்தன. சிவப்பு மையைச் சிந்தினோம், சந்திப் பிழை களைந்தோம், மதிப்பெண் இட்டோம். மாணவர் கண்டது எதை? மதிப்பெண்ணை மட்டுமே! ஏடு மூடிற்று, எண்ணமும் மூடிற்று.

வேறு வழி தேடினோம். அது புதுவழியும் அன்று. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் எனும் பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாகும் முறையை வகுத்தார். 1797-இல் இலண்டனில் அதை நூலாக்கினார். இங்கிலாந்து அதனைச் 'சென்னை முறை' என்றே அழைத்தது. ஆனால் அங்கே சட்டாம்பிள்ளை, சொன்னதைச் சொல்லவைத்தான். நமக்கு வேண்டியவனோ, கேள்வி கேட்கும் தோழன்!

ஏடுகளை மாற்றிக்கொள்ளச் செய்தோம். நன்று, தீது என்ற தீர்ப்பு வேண்டா. விளங்கியது எது? விளங்காதது எது? கேட்க விரும்புவது எது? இம்மூன்றையே எழுதுக என்றோம்.

மாணவன் ஒருவன், "ஊரே திரண்டு தேர் இழுத்தது" என எழுதியிருந்தான். அக்கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு அளித்து, 'மிக நன்று' என்றும் நாம் குறித்திருந்தோம். அவ்வரியின் ஓரத்தில், மாணவி ஒருத்தி பென்சிலால் எழுதினாள்: "ஊர் என்றால் யார்? எங்கள் தெருவுக்குத் தேர் வந்ததே இல்லையே!"

தலைகுனிந்தோம். பட்டம் பெற்றோம், பகுத்தறிவு பேசினோம், என்ன பயன்? சந்திப் பிழையைக் கண்ட நம் கண், சமுதாயப் பிழையைக் காணவில்லையே!

அம்மாணவன் முகம் சிவந்தான். மூன்று நாள் படிப்பகத்துப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் திருத்தி எழுதிக் கொணர்ந்தான். தேர் எத்தெரு வழியே செல்லும், எம்முனையில் திரும்பும், அங்கே எட்டநின்று பார்ப்போர் யாவர் என்பன அதில் இருந்தன. 'ஏன்' என்று வீட்டில் கேட்டதையும், விடை கிடைக்காததையும் மறைக்காமல் எழுதியிருந்தான். நடை தடுமாறிற்று; பிழைகளும் மிகுந்தன. ஆயினும் அது அவன் சிந்தித்து எழுதிய முதற்கட்டுரை! அதற்கு மதிப்பெண் இடவில்லை. பழைய ஏட்டில் நாம் எழுதிய 'மிக நன்று' என்பதை அடித்தோம். அவள் வினாவை அப்படியே விட்டுவைத்தோம்.

ஆசிரியத் தோழர்களே! சிவப்பு மையைக் கொட்டிவிடுங்கள் என்று கூறவில்லை. அதற்கு முன், ஏடுகள் கைமாறட்டும்; அடுத்த தெருப் பிள்ளையின் கண்ணிலும் அவை படட்டும். நமக்குத் தெரியாத ஊர் அங்கே இருக்கிறது!